வார்டிலிருந்து ஹெல்த் விசிட்டர் வேலைக்கு: இங்கிலாந்தில் இருக்கும் தமிழ் நர்ஸ்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்கி (வெளிநாட்டு நர்ஸ்களுக்கான செய்முறைத் தேர்வு) முடித்து, பின் நம்பர் (நர்ஸ் பதிவு எண்) வாங்கி, வார்டில் இரண்டு மூன்று வருஷம் ஓட்டிய பிறகு நம்மில் பலருக்கும் இந்த யோசனை வரும்: நைட் டியூட்டி இல்லாத, வீடு வீடாகப் போய் மக்களைப் பார்க்கிற வேலைக்கு மாற முடியுமா? முடியும். அதற்கு எஸ்சிபிஎச்என் என்று சுருக்கமாகச் சொல்லும், சமூகப் பொதுச் சுகாதார நர்ஸ்களுக்கான முதுநிலைப் பயிற்சி வேண்டும். விசாரித்தால் படிப்பைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். விசா, கார், சம்பளம், லீவு ஆகிய நான்கும் எங்கே மாட்டும் என்று யாரும் சொல்வதில்லை. நான் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் நிதி ஏற்பாடு வேறு.

1. எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சியின் பதிவேட்டில், இந்தப் பொதுச் சுகாதார நர்ஸ்களுக்கான மூன்றாம் பகுதிக்கு உங்களைக் கொண்டுபோகும் படிப்பு இது. ஹெல்த் விசிட்டர் (கர்ப்பிணிகளையும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் குடும்பங்களையும் வீட்டில் போய்ப் பார்ப்பவர்), ஸ்கூல் நர்ஸ், ஆக்குபேஷனல் ஹெல்த் நர்ஸ் (வேலையிடத்தில் ஊழியர்களின் உடல்நலம் பார்ப்பவர்) என்று மூன்று பிரிவுகள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே எந்தப் பிரிவு என்று சொல்லியாக வேண்டும். சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்வது சுலபமில்லை.

டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் இதில் சேராது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் போடுவது, வீட்டிலேயே கடைசிக்காலப் பராமரிப்பு என்று போகும் வேலை அது. அதற்கு எஸ்பிக்யூ என்ற தனிப் படிப்பு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் நிறைய. விளம்பரத்தில் எது எழுதியிருக்கிறது என்று கவனமாகப் படியுங்கள்.

ஸ்கூல் நர்ஸ் வேலையில் பள்ளி நடக்கும் வாரங்களுக்கு மட்டும் சம்பளம் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. குழந்தை குட்டி இருப்பவர்களுக்கு வசதிதான். ஆனால் விசாவில் இருப்பவர்களுக்கு, ஆண்டுச் சம்பளம் விசா வரம்புக்குக் கீழே இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. இனி நான் பெரும்பாலும் ஹெல்த் விசிட்டர் பிரிவை வைத்தே பேசுகிறேன். இடங்கள் அதில்தான் அதிகம்.

2. முதலில் முதலாளி, அப்புறம்தான் யுனிவர்சிட்டி

யுனிவர்சிட்டி இணையதளத்தைத் திறந்து 'அப்ளை' பட்டனைத் தேடாதீர்கள். இது வேலை வாய்ப்பாக வருகிற படிப்பு. டிரஸ்ட் (ஒரு பகுதியின் என்எச்எஸ் சேவைகளை நடத்தும் அமைப்பு) உங்களைப் பயிற்சி ஊழியராக எடுத்து, சம்பளம் கொடுத்து, தன்னோடு ஒப்பந்தத்தில் உள்ள யுனிவர்சிட்டிக்கு அனுப்பும். படிப்புக் கட்டணம் உங்கள் பையிலிருந்து போகாது. என்எச்எஸ் ஜாப்ஸ் தளத்தில் 'ஸ்டூடண்ட் ஹெல்த் விசிட்டர்', 'எஸ்சிபிஎச்என்' என்ற இரண்டு பெயரிலும் தேடி, அலர்ட் போட்டு வையுங்கள். பெரும்பாலான படிப்புகள் செப்டம்பரில் தொடங்குகின்றன. விளம்பரம் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வரும். சில இடங்களில் ஜனவரித் தொடக்கமும் உண்டு. விண்ணப்பம் திறந்து சில நாட்களிலேயே மூடிவிடுவார்கள். அதனால் விளம்பரத்தைப் பார்த்த பிறகு தயாராகலாம் என்று இருந்தால் நேரம் போதாது.

சொந்தப் பணம் கட்டிப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: படிப்பில் பாதி களப் பயிற்சி. அதற்கு இடமும், உங்களை மதிப்பிட ஒரு பிராக்டிஸ் அசெஸரும் வேண்டும். டிரஸ்ட் இல்லாமல் அவை கிடைப்பது கடினம். ஆக்குபேஷனல் ஹெல்த் பிரிவில் மட்டும் தனியார் நிறுவனங்கள் வழியாகக் கொஞ்சம் வழி இருக்கிறது. 'பணம் கொடுத்தால் சீட் வாங்கித் தருகிறேன்' என்று வாட்ஸாப்பில் வரும் ஏஜெண்டுகளுக்குப் பதிலே போடாதீர்கள்.

அப்ரெண்டிஸ்ஷிப் (அரசு நிதியில், வேலை பார்த்துக்கொண்டே படிப்பது) வழியாகப் போன சீனியர்களின் கதையைக் கேட்டு அதை நம்பியும் இருக்காதீர்கள். 2026 ஜனவரி 1 முதல் லெவல் 7 (முதுநிலை அளவு) அப்ரெண்டிஸ்ஷிப்புக்கு அரசு நிதி பெரும்பாலும் 16 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டுமே. நம் வயதுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியாகிவிட்டது.

இன்னொன்று. குழந்தைகள் நல சேவையை இங்கே கவுன்சில்கள்தான் ஒப்பந்தம் விடுகின்றன. சில ஊர்களில் கவுன்சிலே நடத்துகிறது, சில ஊர்களில் சோஷியல் எண்டர்பிரைஸ் நடத்துகிறது. வேலை கொடுப்பவர் என்எச்எஸ் டிரஸ்ட் இல்லையென்றால் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: விசா ஸ்பான்சர் உரிமம் இருக்கிறதா, என்எச்எஸ் பென்ஷன் தொடருமா, இதுவரையிலான சர்வீஸ் லீவுக் கணக்கில் சேருமா.

3. ஒரு வருஷம் முன்பே செய்ய வேண்டியவை

கார். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலான விளம்பரங்களில் ஓட்டுநர் உரிமமும் காரும் கட்டாயம். இந்திய, இலங்கை உரிமத்தை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதன் பிறகு புரொவிஷனல் உரிமம், தியரி, பிராக்டிகல் என்று முதலிலிருந்து வர வேண்டும். இணையத்தில் புரொவிஷனலுக்கு 34 பவுண்ட், தியரிக்கு 23, வார நாளில் பிராக்டிகலுக்கு 62. இந்தக் கட்டணங்கள் பெரிதில்லை. காசைக் கரைப்பது டிரைவிங் கிளாஸ்தான். பிராக்டிகலுக்குத் தேதி கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் உரிமம் போதும், கியர் காரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. வேலைக்குச் சேரும்போது இன்சூரன்ஸில் 'பிசினஸ் யூஸ்' சேர்க்க மறக்காதீர்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் சாதாரண பாலிசி, வீடு வீடாகப் போகும் வேலைக்குச் செல்லாது.

கூடவே போய்ப் பார்ப்பது. உங்கள் ஊரின் ஹெல்த் விசிட்டிங் டீம் லீடருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஒரு நாள் ஷேடோ செய்ய அனுமதி கேளுங்கள். பலர் சம்மதிப்பார்கள். குழந்தை பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் நடக்கும் நியூ பர்த் விசிட் ஒன்றையாவது பாருங்கள். ஹால் கம்பளத்தில் மண்டியிட்டு எடை மெஷினை வைத்து, குழந்தையின் உடைகளைக் கழற்றச் சொல்லி, எடையை ரெட் புக்கில் (குழந்தையின் உடல்நலப் பதிவேட்டில்) குறிக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்திலேயே அம்மா தூங்கினாளா, சாப்பிட்டாளா, வீட்டில் யார் உதவிக்கு இருக்கிறார்கள், குழந்தையை எங்கே படுக்க வைக்கிறாள் எல்லாம் பேச்சோடு பேச்சாக வெளியே வந்துவிடும். கையில் ஃபார்மை வைத்து வரிசையாகக் கேள்வி கேட்டுப் பழகிய நமக்கு இது வேறு கலை. இன்டர்வியூவில் சொல்லவும் இதுவே சரக்கு.

குழந்தைகள் வார்டிலோ பிரசவ வார்டிலோ இல்லாதவர்கள், முதலில் 0–19 டீமில் (பிறந்ததிலிருந்து 19 வயது வரை பார்க்கும் டீம்) பேண்ட் 5 (என்எச்எஸ் சம்பளப் படிநிலை) கம்யூனிட்டி ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, அங்கிருந்து விண்ணப்பிப்பதும் நல்ல வழி. ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு டீமும் தெரியும், டீமுக்கு இவர்களையும் தெரியும்.

4. ஆவணங்கள்

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்:

பாஸ்போர்ட், இ-விசா ஷேர் கோடு.
என்எம்சி பதிவு விவரம். நர்ஸாகவோ மிட்வைஃபாகவோ பதிவு இருக்க வேண்டும். எந்த நிபந்தனையும் கட்டுப்பாடும் இருக்கக் கூடாது.
டிகிரி சான்றிதழ், எல்லா வருஷ மார்க் ஷீட், டிரான்ஸ்கிரிப்ட்.
யுனிவர்சிட்டி கேட்டால், நம் ஊர் டிகிரியை இங்குள்ள டிகிரியோடு ஒப்பிட்டு யூகே எனிக் தரும் சான்று.
கடந்த மூன்று வருஷத்துக்கான ரெஃபரன்ஸ். ஒன்று உங்கள் தற்போதைய மேனேஜரிடமிருந்து வர வேண்டும்.
டிபிஎஸ் (குற்றப் பின்னணி) சோதனைக்கு ஐந்து வருஷ முகவரிகள். வெளிநாட்டில் இருந்த காலத்துக்குப் போலீஸ் சான்று கேட்கலாம்.
தடுப்பூசி விவரம்: எம்எம்ஆர், ஹெபடைடிஸ் பி, டிபி.

இதில் நம் ஆட்கள் மாட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று இனிஷியல். டிகிரியில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட் என்றால் கணவர் பெயர். யுனிவர்சிட்டி அட்மிஷன் ஆபீஸில் இருப்பவருக்கு இது மூன்று வேறு ஆட்களாகத் தெரியும். என்எம்சி பதிவுக்காக அன்று கொடுத்த அஃபிடவிட்டைத் தேடி எடுத்து முதல் மின்னஞ்சலிலேயே இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, ஜிஎன்எம் டிப்ளமோ. முதுநிலைப் படிப்பென்பதால் டிகிரி அளவில், அதாவது லெவல் 6-இல் படித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. ஜிஎன்எம் மட்டும் இருந்தால், இங்கேயே லெவல் 6 மாட்யூல் ஒன்றை முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல டிரஸ்ட்கள் ஊழியர் பயிற்சி நிதியிலிருந்து அதற்குப் பணம் தருகின்றன. ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவழைக்க வேண்டுமென்றால், விளம்பரம் வருவதற்கு வெகு முன்பே ஆரம்பியுங்கள். நேரில் போய் நிற்க ஒருவர் அங்கே இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

5. விண்ணப்பமும் இன்டர்வியூவும்

'பர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சம்பவம் எழுதுங்கள். 'நான் நல்ல டீம் பிளேயர்' என்று எழுதுவதில் பயனில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியின் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதைக் கவனித்து சேஃப்கார்டிங் (குழந்தைகள் பாதுகாப்பு) டீமுக்குத் தெரியப்படுத்தியது, புகைப்பிடிப்பவரிடம் பேசி அவர் சம்மதத்தோடு ரெஃபரல் போட்டது போன்றவை பேசும். ஐந்து வயதுக்குள் இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்டாயம் வழங்க வேண்டிய சந்திப்புகள் ஐந்து: கர்ப்பத்தின் 28 வாரத்துக்குப் பிறகு, நியூ பர்த், 6–8 வாரம், ஒரு வயதை ஒட்டி, 2 முதல் 2½ வயதுக்குள். இதைத் தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

இன்டர்வியூவில் டிரஸ்ட்டும் யுனிவர்சிட்டியும் சேர்ந்தே உட்காருவது வழக்கம். ஒரு சூழ்நிலைக் கேள்வி நிச்சயம் வரும். இப்படி ஒன்றை வைத்துப் பழகுங்கள்: ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள். குழந்தையின் எடைக் கோடு ரெட் புக்கில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொல்கிறார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

நம் வார்டு மூளை உடனே பாலூட்டும் முறை, டாக்டர் ரெஃபரல் என்று ஓடும். அவர்கள் எதிர்பார்ப்பது அதற்கும் மேல். பாலூட்டுவதை நேரில் பார்க்கிறேன். அம்மாவைத் தனியாகப் பார்க்க வழி செய்கிறேன். கணவர் இருக்கும்போது வீட்டு வன்முறை பற்றிக் கேட்க மாட்டேன். மொழி தெரியாத குடும்பமென்றால் உறவினரை வைத்துப் பேசாமல் இன்டர்பிரெட்டரைக் கூப்பிடுவேன். அன்றே பதிவு செய்து சூப்பர்வைசரிடம் பேசுவேன். கடைசி இரண்டையும் நாம் சொல்ல மறக்கிறோம்.

தமிழ் பேசத் தெரியும் என்பதைப் பலமாகச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். அதோடு, கோயிலிலும் பிறந்தநாள் விழாவிலும் எதிர்ப்படும் குடும்பங்களின் ரகசியத்தை எப்படிக் காப்பீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர் வட்டம் சின்னது. உங்களிடம் மனம்விட்டுப் பேசும் தாய்க்கும் அதே பயம் இருக்கும்.

6. சம்பளக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

பயிற்சிக் காலச் சம்பளம் டிரஸ்ட்டுக்கு டிரஸ்ட் மாறும். சிலர் பேண்ட் 5 தருவார்கள். சிலர் 'அனெக்ஸ் 21' என்ற விதிப்படி, முடித்த பிறகு போகப்போகும் பேண்டின் உச்சச் சம்பளத்தில் 75 சதவீதம் தருவார்கள். இங்கிலாந்தின் 2025–26 அட்டவணையில் பேண்ட் 6 உச்சம் 46,580 பவுண்ட். அதில் 75 சதவீதம் 34,935. பேண்ட் 5 உச்சமான 37,796-இல் ஏற்கெனவே இருப்பவருக்கு இது இறக்கம்தான்.

அது போக, நைட்டும் வீக்கெண்டும் போய்விடும். இரவுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கும் பேங்க் ஹாலிடேக்கும் 60 சதவீதம் கூடுதலாக வந்துகொண்டிருந்தது திங்கள் முதல் வெள்ளி வரையிலான வேலையில் நின்றுவிடும். முடித்த பிறகு பேண்ட் 6 ஆரம்பம், அதே 2025–26 அட்டவணையில், 38,682. நிறைய நைட் பார்க்கும் சீனியர் பேண்ட் 5 நர்ஸ், படித்து முடித்த பிறகும் முதல் இரண்டு வருஷம் கையில் குறைவாகவே வாங்கலாம். ஊருக்குப் பணம் அனுப்பும் கடமை, வீட்டுக் கடன் இருப்பவர்கள் இந்தக் கணக்கைக் கணவர் அல்லது மனைவியோடு உட்கார்ந்து போட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆஃபர் வந்ததும் சம்பளப் பாதுகாப்பு கேளுங்கள். அதே டிரஸ்ட்டுக்குள் மாறுபவர்களுக்குச் சில இடங்களில் கிடைக்கிறது. கேட்காதவர்களுக்குத் தானாக வராது.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, முடித்த பிறகு எத்தனை மாதம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும், நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பது. இரண்டு, முடித்ததும் நிரந்தர வேலை உறுதியா என்பது. மூன்றாவது இருப்பது பழைய ஒப்பந்தத்தில்: உங்களை இந்தியாவிலிருந்து கூட்டிவந்த டிரஸ்ட், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் டிக்கெட், ஆஸ்கி செலவைத் திருப்பிக் கேட்கும் விதி வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

7. விசா

ஹெல்த் அண்ட் கேர் விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டு விதி. முதலாளி மாறினால் புதிய சிஓஎஸ் (முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்று) வாங்கி விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். முதலாளி அதேதான், ஆனால் தொழில் கோடு மாறுகிறது என்றாலும் விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. பொது வார்டு நர்ஸ்களின் சிஓஎஸ்ஸில் பெரும்பாலும் 2237 இருக்கும். ஹெல்த் விசிட்டர், கம்யூனிட்டி நர்ஸ் 2232. உங்களுடையது 2024 ஏப்ரலுக்கு முன்பு கொடுத்ததென்றால் பழைய 2231 இருக்கும். 'அதே டிரஸ்ட்தானே, ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று வார்டு மேனேஜர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்பான்சர்ஷிப் டீமிடம் கோடு நம்பரோடு கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். புது விசா வரும் முன் பழைய வேலையை ராஜினாமா செய்யவும் கூடாது.

வேலை தொடங்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். உள்நாட்டு விண்ணப்பத்துக்கு வழக்கமாக எட்டு வாரத்துக்குள் முடிவு வரும். அதுவரை நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகிவிடும். செப்டம்பரில் படிப்பு என்றால் காத்திருக்கும் காலம் சரியாகக் கோடை விடுமுறையில் விழும், நாம் எல்லாரும் ஊருக்கு டிக்கெட் போடும் நேரம். அதனால் ஏப்ரல், மே மாதத்திலேயே ஊருக்குப் போய்வந்து, ஜூனில் விண்ணப்பிப்பது நல்லது.

8. படிப்பு நடக்கும் வருஷம்

குறைந்தது 45 வாரம். பாதி வகுப்பு, பாதி களம். லீவு யுனிவர்சிட்டி காலண்டர் சொல்லும் நாளில்தான். சேர்த்து வைத்து ஒரு மாதம் ஊருக்குப் போகும் பழக்கம் இந்த வருஷம் நடக்காது. தம்பி கல்யாணம், தங்கை சீமந்தம் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறவிடும் களப் பயிற்சி நேரத்தை ஈடுகட்ட வேண்டும், முடிக்கும் தேதி தள்ளிப்போகும்.

எழுத்து வேலைதான் பலரை அழவைக்கிறது. புத்தகத்தில் இருப்பதைச் சரியாக எழுதினால் ஊரில் மார்க். இங்கே அந்தக் கருத்துக்கு எதிரான ஆய்வு என்ன, நீ ஏன் இதை ஏற்கிறாய் என்று கேட்பார்கள். முதல் அசைன்மென்ட்டுக்கு முன்பே லைப்ரரியின் அகாடமிக் ஸ்கில்ஸ் ஆட்களிடம் அப்பாயிண்ட்மெண்ட் போட்டு ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். இலவசம்தான். போர்ட்ஃபோலியோவை வாரா வாரம் நிரப்பி, பிராக்டிஸ் அசெஸரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஜூலையில் அவர் லீவில் போய்விட்டால் நீங்கள்தான் நிற்க வேண்டும்.

9. முடித்த பிறகு

தேர்ச்சி பெற்றதை யுனிவர்சிட்டி என்எம்சிக்குத் தெரிவிக்கும். அதன் பிறகு உங்கள் என்எம்சி கணக்கில் நீங்கள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால்தான் மூன்றாம் பகுதியில் பெயர் ஏறும். ஏறிய பிறகே பேண்ட் 6 சம்பளம் தொடங்கும் என்பதால் இதை ஒத்திப்போடாதீர்கள். முடித்து ஐந்து வருஷத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டி வரலாம். பதிவேட்டில் பெயர் தெரிந்த அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து எச்ஆருக்கும் பே ரோலுக்கும் அனுப்பி, எந்தத் தேதியிலிருந்து புதுச் சம்பளம் என்று கேளுங்கள்.

ரீவேலிடேஷனுக்கு (என்எம்சி பதிவைப் புதுப்பிப்பதற்கு) வேண்டிய வேலை நேரம் மூன்று வருஷத்தில் 450 மணி போதும். நர்ஸ் பதிவுக்கு ஒன்று, இதற்கு ஒன்று என்று இரண்டு மடங்கு தேவையில்லை.